நீர் வற்றிய தேகம்: அதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வகை

கிணற்றில் ஊற்று அடைபட்டால் அதை அன்றே கவனிக்கின்ற குடியானவன், தன் வீட்டுக் குழந்தையின் தேகத்தில் நீர் வற்றுவதை இரண்டு மூன்று நாள் வரையிலும் கவனியாதிருப்பதுண்டு. பயிர் வாடினால் இலை சுருளுகின்றது. அது கண்ணுக்குத் தெரிகின்றது. குழந்தை வாடினாலும் அடையாளங்கள் தோன்றவே செய்கின்றன. ஆனால் அவை இன்னவென்று முன்னரே கற்றிருந்தாலொழியக் கண் அவற்றைக் கண்டும் காணாததாகவே இருக்கும்.

கிராமப் பாடசாலைகளில் சுகாதாரப் பாடம் நடவாமல் இல்லை. தினந்தோறும் போதிய நீர் அருந்த வேண்டும் என்பதை மாணாக்கர் ஏட்டில் எழுதி மனப்பாடமும் செய்கின்றனர். எவ்வளவு நீர் போதியது, போதாவிடில் என்ன நேரும், நேர்ந்துவிட்டால் வீட்டிலுள்ள எந்தப் பொருளை எந்த அளவில் எடுத்து என்ன செய்யவேண்டும் என்ற மூன்று கேள்விகளை அதே மாணாக்கரிடம் கேட்டால் விடை வருவது அரிது. இங்கே கூறப்படுவது அம்மூன்றையும் பற்றியது. விசேஷமாக மூன்றாவதைப் பிள்ளைகளின் கையில் படிய வைக்கும் முறையைப் பற்றியது. இது உபாத்தியாயர்களின் வேலையன்றோ, கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதற்கு விடை பின்னால் வரும்.

தேகத்தின் நீர்க் கணக்கு

மனித தேகத்தின் எடையில் பெரும்பங்கு நீரே. வளர்ந்த ஆடவரின் தேகத்தில் 100 பங்குக்குச் சுமார் 60 பங்கும், பிறந்த சிசுவின் தேகத்தில் சுமார் 75 பங்கும் நீராக இருக்கின்றன. 20 கிலோ எடையுள்ள ஒரு சிறுவனிடத்தில் ஏறக்குறைய 12 லிட்டர் நீர் உண்டு. அஃதாவது ஒரு குடத்தளவு. இந்நீர் குட்டையைப் போல் தேங்கி நிற்பதன்று. இரத்தத்தில் ஓடுகின்றது, உண்ட உணவின் சாரத்தைச் சுமந்து செல்கின்றது, கழிவைக் கரைத்து மூத்திரமாக வெளிப்படுத்துகின்றது, வேர்வையாகக் கசிந்து தேகத்தைக் குளிரச் செய்கின்றது, மூச்சுக் காற்றிலும் ஆவியாகக் கலந்து போகின்றது. 9 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைக்கு, உணவில் சேர்ந்த நீர் உட்பட, நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் வேண்டும். வெயிற்காலத்திலும், ஓடி விளையாடும் நாட்களிலும் இதற்கு மேலும் வேண்டும். வெயிலில் கடின வேலை செய்யும் வளர்ந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வேர்வை போவதுண்டு.

குடலின் கணக்கு இவற்றினும் வியப்பானது. உண்பதும் குடிப்பதும், உமிழ்நீர் முதலாகத் தேகமே சுரப்பனவும் சேர்ந்து, ஒரு நாளில் 8 அல்லது 9 லிட்டர் நீர் வளர்ந்தவரின் குடலுக்குள் இறங்குகின்றது. அதில் மலத்தோடு வெளியேறுவது 100 அல்லது 200 மில்லி லிட்டர்தான். மீதியெல்லாம் குடற்சுவரின் வழியே திரும்பவும் இரத்தத்தில் வந்து சேருகின்றது. இவ்வளவு பெரிய கொடுக்கல் வாங்கல் நடந்தும் நிலுவை இவ்வளவு சிறிதாக நிற்கும் பேரேட்டை எந்தச் சங்கத்திலும் காண்பது அரிது. அத்தகைய கணக்கில் வரவு சற்றே தடைப்பட்டாலும் முதல் கரைந்துபோகும். பேதியில் நடப்பது இதுவே. காலரா கடுமையாகக் கண்டவர் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் இழந்துவிடக்கூடும்.

தேக எடையில் 100க்கு 1 அல்லது 2 பங்கு நீர் குறையும்போதே தாகம் உண்டாகின்றது. சோர்வும், தலைவலியும், கவனக்குறைவும் தொடர்கின்றன. பிற்பகல் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று கண்டிப்பதற்கு முன், அவன் காலை முதல் எத்தனை தம்ளர் நீர் குடித்தான் என்று கேட்டுப் பார்ப்பது நலம். 5 பங்கு குறைந்தால் கண்கள் உள்ளே குழிந்து, நாக்கு உலர்ந்து, மூத்திரம் அடர்ந்த மஞ்சள் நிறமாகிக் குறைந்துபோகும். குழந்தை அழுதாலும் கண்ணீர் வாராது. 10 பங்கு குறைந்த நிலையில் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அம்மடிப்பு இரண்டு விநாடிக்கு மேலும் மறையாது நிற்கும், நாடி தளரும், குழந்தை மயங்கிக் கிடக்கும், வாயில் வார்த்த நீரையும் விழுங்க மாட்டாது. 10 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தைக்கு இந்தப் பத்துப் பங்கு என்பது ஒரே ஒரு லிட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் பேதி கண்டால் அது போய்விடுவதற்கு அதிக நேரம் ஆகாது.

கைக்குழந்தைகளுக்கு உச்சிக்குழி பள்ளமாவதும் ஓர் அடையாளம். இதனைப் பாட்டிமார் அறியாதிருந்தார்கள் என்று எண்ணுதல் தவறு. கண் குழிந்ததையும் உச்சி தாழ்ந்ததையும் அவர்கள் நன்றாகக் கண்டனர். தோஷம் என்றும் சீர் என்றும் அதற்குப் பெயரிட்டு, மந்திரிப்பவரிடம் எடுத்துச் சென்றனர். அடையாளம் சரி, காரணம்தான் மாறியிருந்தது. ஆகையால் பாடம் சொல்லப் புகும் உபாத்தியாயர் அப்பெயர்களைக் கேட்டுச் சிரிப்பது கூடாது. அப்பெயர்களிலிருந்தே பாடத்தைத் தொடங்குவது உத்தமம்.

இதனினும் அபாயமான வழக்கம் ஒன்று உண்டு. பேதி கண்ட பிள்ளைக்கு நீர் கொடுத்தால் பேதி பெருகும் என்று நம்பி, நீரையும் உணவையும், சில இடங்களில் தாய்ப்பாலையுங்கூட நிறுத்திவிடுவதே அது. மேலே ஊற்றுவதனால்தானே கீழே போகிறது என்ற எண்ணம் பார்வைக்கு நியாயமாகவே தோன்றுகின்றது. இதனை வாய்ச்சொல்லால் மறுத்துப் பயனில்லை, கண்முன் காட்டவேண்டும்.

சுரைக்குடுக்கைப் பாடம்

மெக்ஸிகோ தேசத்து மலைக்கிராமங்களில் சுகாதார ஊழியரைப் பழக்கிய டேவிட் வெர்னர் என்பவரும் அவர் துணைவர் ஒருவரும் சேர்ந்து 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட பயிற்சி நூலில், இதற்கென்றே ஓர் உபாயம் சொல்லப்பட்டிருக்கின்றது. அது சுரைக்குடுக்கையால் செய்த குழந்தை. நம் நாட்டில் சுரைக்குடுக்கை அகப்படாத கிராமம் இல்லை. அகப்படாவிடில் பிளாஸ்டிக் புட்டியும் உதவும்.

முற்றி உலர்ந்த குடுக்கையின் மேற்பகுதியை வட்டமாக அறுத்தெடுத்துவிட வேண்டும். அதுவே குழந்தையின் உச்சி. முகம் எழுதி, கண்களிருக்கும் இடத்தில் ஊசித் துளைகள் இரண்டு இட்டு மெழுகால் அடைக்க வேண்டும். கீழே முன்புறத்தில் மூத்திரத்துக்கு ஒரு சிறு துளையும், அடியில் பேதிக்கு ஒரு பெரிய துளையும் இட்டு, இரண்டுக்கும் தக்கை செருக வேண்டும். குடுக்கை நிறைய நீர் வார்த்து, மெல்லிய நனைந்த துணியொன்றை நீர்மட்டத்தின் மேல் படியும்படி வாயில் விரித்துவிட்டால் கருவி ஆயத்தமாகும்.

முதலில் மெழுகை எடுத்தால் கண்ணீர் வரும். முன் தக்கையை எடுத்தால் மூத்திரம் போகும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு அடித்தக்கையைப் பிடுங்கிவிட்டு உபாத்தியாயர் பேசாமல் நிற்கவேண்டும். இந்த இடத்தில் விளக்கம் சொல்லத் தொடங்குகிறவர் பாடத்தைக் கெடுத்துவிடுகின்றார். நீர் இறங்க இறங்க உச்சித் துணி குழியும். கண்ணீர் நிற்கும். சற்றைக்கெல்லாம் மூத்திரமும் நிற்கும். எது முதலில் நின்றது, எது பின்னால் நின்றது, உச்சி எப்பொழுது தாழ்ந்தது என்று பிள்ளைகளே சொல்லும்படி கேட்டு, அவர்கள் சொன்னபடியே பலகையில் எழுதவேண்டும். இவ்வாறு அவர்கள் கண்டு சொன்ன அடையாளங்கள் புத்தகத்தில் படித்தவற்றைப் போல் மறந்துபோவதில்லை.

இப்பொழுது இந்தக் குழந்தையைப் பிழைப்பிக்க என்ன செய்யலாம் என்ற கேள்வி எழும். தக்கையைத் திரும்ப வைத்துவிடலாம் என்று எவனாவது ஒருவன் கட்டாயம் சொல்வான். இது மிக நல்ல விடை. ஏனெனில் பெரியவர்களில் பெரும்பாலோர் எண்ணுவதும் இதுவே. உயிருள்ள குழந்தைக்கு அப்படித் தக்கை வைக்க இயலாது என்பதையும், பேதியைக் கட்டும் மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்தல் அபாயம் என்பதையும் அப்பொழுது சொல்லவேண்டும். அடுத்தபடியாக ஒரு மாணவி தம்ளரில் நீர் எடுத்து மேலே வார்க்கட்டும். துணி உயரும், மூத்திரம் மறுபடியும் வரும். கீழே போகும் அளவுக்கு மேலே வார்த்துக்கொண்டிருந்தால் குழந்தை வற்றாமலிருக்கின்றது என்பதும், வார்ப்பதை நிறுத்தினால் ஒழுகுதலும் நிற்கும், ஆனால் அது உள்ளே ஒன்றும் இல்லாமையால் நிற்பது என்பதும் அவ்வகுப்புக்குப் பிரத்தியட்சமாக விளங்கிவிடும். நீர் கொடாவிட்டால் பேதி நின்றுவிடும் என்று சொல்லி வந்தவர்கள் கண்டது இந்த நிற்றலைத்தான்.

உப்பும் சர்க்கரையும் கைகோத்தல்

வெறும் நீர் மட்டும் போதாது. பேதியோடு உப்பும் போகின்றது. உப்பு நீரை மட்டும் கொடுத்தாலோ, பேதியால் நலிந்த குடல் அதை நன்றாக ஏற்பதில்லை. குடற்சுவரில் ஒரு வாயில் உண்டென்றும், அதில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே நுழைகின்றன என்றும் 1960ஆம் ஆண்டில் பிராக் நகரத்தில் கூடிய விஞ்ஞானிகளிடையே ராபர்ட் கிரேன் என்பவர் எடுத்துரைத்தார். அவ்விரண்டும் உள்ளே செல்லும்போது நீரும் பின்தொடர்ந்து செல்லுகின்றது. காலராவிலுங்கூட இந்த வாயில் அடைபடுவதில்லை. உயிர்காக்கும் மருந்தின் மர்மம் இவ்வளவே.

இந்த வாயிலைப் பற்றி அறியப்படுவதற்கு முன்னரே, 1953ஆம் ஆண்டில், கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற வைத்தியர் காலரா நோயாளிகள் 186 பேருக்கு வாய்வழியாக உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரைக் கொடுத்துக் குணப்படுத்தியதை எழுதி வெளியிட்டார். அப்பொழுது உலகம் அதை அதிகமாகப் பொருட்படுத்தவில்லை. 1968ஆம் ஆண்டில் டாக்கா நகரத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரு இளம் வைத்தியர்கள் போகும் நீரை அளந்து, அதே அளவு கரைசலை வாய்வழியாகக் கொடுத்து, அது பலிப்பதை நிரூபித்தனர்.

ஆனால் வைத்தியசாலையில் பலிப்பது வேறு, சேற்றிலும் மழையிலும் பலிப்பது வேறு. 1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்தில் யுத்தம் மூண்டு, ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் எல்லை கடந்து இந்தியாவுக்கு வந்தபொழுது, மேற்கு வங்காளத்துப் பன்காவ் முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துபோயின. அங்கிருந்த வைத்தியர் திலீப் மஹலநபீஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் பொட்டலங்கள் கட்டுவித்து, பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளைகளைக் கொடுத்துவிட்டார். நூற்றுக்கு 30 பேர் வரையில் மாண்டுகொண்டிருந்த இடத்தில் அவருடைய பராமரிப்பில் அது நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது. வைத்தியர் அல்லாத தாயும் தமக்கையும் இதைச் செய்ய இயலும் என்பது அன்று வெளியாயிற்று. அவர் 2022ஆம் ஆண்டில் காலமானார்.

வங்கதேசத்தில் கற்பித்த வகை

இனி, கற்பிப்போர் யாவரும் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி. வங்கதேசத்தில் பஸ்லே ஹசன் ஆபேத் 1972ஆம் ஆண்டில் தோற்றுவித்த பிராக் என்னும் ஸ்தாபனம், 1980 முதல் 1990 வரை, அந்நாட்டின் 1 கோடி 20 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஊழியப் பெண்களை அனுப்பி, ஒவ்வொரு தாய்க்கும் நேரிற் கற்பித்தது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர், இவ்வளவே பாடம். தாயார் எழுத்தறியாதவராயினும் குறையில்லை. ஊழியப் பெண் செய்து காட்டுவாள். பின்பு தாயார் தம் பாத்திரத்தில் தம் கையால் செய்து காட்டவேண்டும்.

இந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்த முறைதான் புதுமை. எத்தனை வீடு சென்றாள் என்று எண்ணிக் கூலி கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொருவர், கற்பிக்கப்பட்ட வீடுகளில் சிலவற்றுக்குச் சென்று, தாயாருக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று சோதித்துத் தரம் பிரிப்பார். தாயார் செய்த கரைசலில் சிறிது எடுத்துச் சென்று அதன் உப்பையும் பரிசோதித்தனர். தாயார் பெற்ற தரத்தைக் கொண்டே ஊழியருக்குச் சம்பளம். எவ்வளவு கடன் கொடுத்தது என்பதைக் கொண்டு ஒரு சங்கத்தை மதிப்பிடாமல், கடன் உரிய காரியத்துக்குச் செலவாயிற்றா, தவணையில் திரும்பிற்றா என்பதைக் கொண்டு மதிப்பிடும் அங்கத்தினர்களுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். பாடசாலைகளில் எத்தனை பாடம் நடந்தது என்ற கணக்கு ஒழுங்காக எழுதப்படுகின்றது. எத்தனை பாடம் வீடு போய்ச் சேர்ந்தது என்ற கணக்கை எழுதுவோர் அரியர்.

அத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் தொடக்கத்தில் ஒரு குறை தெரிந்தது. தாய்மார் அளவைச் சரியாகச் சொன்னார்கள்; செய்தும் காட்டினார்கள்; ஆயினும் தம் பிள்ளைக்குப் பேதி வந்தபொழுது அதைக் கொடுத்தவர்கள் சிலரே. விசாரித்ததில் இரண்டு காரணங்கள் வெளிப்பட்டன. கற்பிக்கச் சென்ற ஊழியரிற் சிலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. தமக்குப் பேதி வந்தால் அவர்கள் மாத்திரையைத் தேடினர். இது முதற்காரணம். அவர்களுக்கு விஷயத்தை முற்றும் விளக்கிய பிறகு, தாய்மார் முன்னிலையில் அவர்கள் தாமே அந்நீரைப் பருகிக் காட்டினர். வீட்டு ஆடவருக்கு ஒன்றும் தெரிவிக்கப்படாமல் விட்டது இரண்டாங்காரணம். தகப்பனும் பாட்டனும் இது என்ன வீண் வேலை என்று சொன்னால் தாயின் கை நின்றுவிடுகின்றது. ஆகவே சந்தையிலும், மசூதியிலும், பாடசாலையிலும் ஆடவருக்கும் சொல்லத் தலைப்பட்டனர். அதன்பின் வழக்கம் ஊன்றிற்று.

கூட்டுறவுச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கின்றது. பெண் அங்கத்தினர் சேர்ந்திருந்தபோதிலும், தகப்பன்மாரும் பாட்டன்மாரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் இடம் கிராமத்தில் சங்கத்தின் பேரவைக் கூட்டமே. பிள்ளைகள் பாடசாலையில் கற்ற சுரைக்குடுக்கைப் பாடத்தை, வரவு செலவு வாசித்து முடித்த பின், அப்பிள்ளைகளைக் கொண்டே கூட்டத்தில் நடத்திக் காட்டச் செய்தால் கால் மணி நேரத்துக்கு மேல் செல்லாது. வீட்டில் மகள் உப்பும் சர்க்கரையும் கரைக்கும்பொழுது ஏன் என்று கேட்டுத் தடுக்கும் குரல் அதனோடு அடங்கிவிடும்.

அளவே மருந்து

வங்கதேசத்தில் சிட்டிகையும் பிடியும் வளர்ந்த பெண்களின் கையால் எடுக்கப்பட்டவை. பள்ளிப் பிள்ளையின் விரல் வேறு, உழவனின் விரல் வேறு. ஆகையால் பிள்ளைகளுக்குக் கரண்டி அளவே தக்கது. 5 மில்லி லிட்டர் பிடிக்கும் தேக்கரண்டியால் தலைதட்டி 6 கரண்டி சர்க்கரை, தலைதட்டி அரைக் கரண்டி உப்பு, கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர். உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடு. சர்க்கரை மிகுந்தால் பேதி அதிகமாகும். கரைத்த நீரை முதலில் கரைத்தவரே நாவில் வைத்துப் பார்க்கவேண்டும். கண்ணீரை விட உவர்ப்பாயிருந்தால் அதைக் கொட்டிவிட்டு வேறு செய்யவேண்டும்.

கல்லுப்பும் தூளுப்பும் கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை; கல்லுப்பில் இடையிடையே வெற்றிடம் இருப்பதால் எடை குறையும். கல்லுப்பைப் பொடித்து அளப்பதே முறை. வெல்லமோ கருப்பட்டியோ எடுத்தால் கரைத்து வடிகட்ட வேண்டும். ஒரு லிட்டர் என்பது எவ்வளவு என்பதிலும் வீடுதோறும் தகராறு உண்டு. அளவுப் பாத்திரம் ஒன்றைப் பாடசாலையில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுச் சொம்பையோ தூக்கையோ கொண்டுவந்து, ஒரு லிட்டர் நீரை அதில் ஊற்றி, மட்டம் நிற்கும் இடத்தில் ஆணியால் கீறிக்கொண்டு போகும்படி செய்தால் அந்தத் தகராறு தீரும். இது ஒரு காலை வேலை. வீட்டார் பாத்திரத்தைக் கெடுத்ததாகக் கோபித்தால் உபாத்தியாயர் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதனினும் சிறந்தது. அதில் வேறு இரண்டு உப்புக்களும் சேர்ந்திருக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2002ஆம் ஆண்டில் திருத்திய அளவின்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆகக் கூடுதல் 20.5 கிராம். இங்கும் ஒரு பிழை அடிக்கடி நேருகின்றது. 1 லிட்டருக்குரிய பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்துவிடுகின்றனர். அது ஐந்து மடங்கு கடுமையானது. 200 மில்லி லிட்டருக்குரிய சிறு பொட்டலமும் கடையில் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை முதலில் படிக்கவேண்டியது அந்த அளவைத்தான்.

ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துக்களைத் தாங்கிச் சர்க்கரை மிகுந்த பானங்களும் பல ஆண்டுகள் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. உரிய அளவில் இல்லாத எந்தப் பானமும் அப்பெயரைத் தாங்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் உத்தரவிட்டது. மருந்தகமோ பண்டகசாலையோ நடத்தும் சங்கத்தார் தங்கள் அலமாரியைத் தாங்களே ஒருமுறை பார்த்துக்கொள்வது முறை.

கொடுக்கும் அளவாவது: ஒவ்வொரு முறை பேதியான பின்னும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர், 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி லிட்டர், அதற்கு மேற்பட்டவருக்கு வேண்டுமளவு. வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெல்லக் கொடுக்கவேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் நின்ற கரைசலைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. கஞ்சி, உப்பிட்ட நீர்மோர் முதலியனவும் கொடுக்கத்தக்கவை. கஞ்சியின் மாவுச் சத்து குடலில் சர்க்கரையாகி அதே வாயிலின் வழியாகச் செல்லுகின்றது. இளநீர் நல்லதாயினும் அதில் உப்பு குறைவு. கரைசலுக்கு ஈடாக அதை மட்டும் நம்புதல் கூடாது. துத்தநாக மருந்தை 14 நாள் கொடுக்கும்படி வைத்தியர் சொல்வார். பேதி நின்றவுடன் அதை விட்டுவிடாமல் முடிக்கவேண்டும். குழந்தை குடிக்க மாட்டாமற்போனாலும், மயங்கினாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், ஓயாது வாந்தி எடுத்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். வழியிலும் கரைசலை வாயில் வார்த்துக்கொண்டே போகலாம், விழுங்கக் கூடுமானால்.

பாடசாலைப் பானை

பேதியில்லாத நாளிலும் பிள்ளைகள் நீர் குறைந்து வாடுவதுண்டு. கேரளத்திலும் கர்நாடகத்திலும் 2019ஆம் ஆண்டில், பாடசாலையில் நீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2025ஆம் ஆண்டில் அவ்வாறு செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணி அடித்தால் மட்டும் பெண் பிள்ளைகள் குடிப்பதில்லை. நீர் குடித்தால் கழிப்பிடம் செல்லவேண்டும். கழிப்பிடத்துக்குக் கதவில்லை, அல்லது தாழ்ப்பாள் இல்லை, அல்லது உள்ளே தண்ணீர் இல்லை. ஆகவே காலை முதல் மாலை வரை வாயை நனைக்காமல் இருந்து வீடு திரும்பும் சிறுமிகள் உண்டு. நீர்க்கடுப்பும் தலைவலியும் அவர்களுக்கு அடிக்கடி வருவதன் காரணத்தைத் தாய்மாரும் அறியார். பிள்ளைகளும் வெட்கத்தால் சொல்லார். இவர்களுக்குத் தண்ணீரின் மகிமையைப் போதிப்பது வீண். ஒரு தாழ்ப்பாளின் விலை அதிகமில்லை. சங்கத்தின் பொதுநல நிதியில் சிறிது இருந்தால், அதைச் செலவிடுவதற்கு இதைவிடத் தக்க வழி எளிதில் அகப்படாது.

மூத்திரத்தின் நிறத்தைத் தாமே பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்கலாம். வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய நீர் குடித்ததாகும். அடர்ந்த நிறமாயின் உடனே குடிக்கவேண்டும். இதற்குக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை.

பாடம் நடத்தி ஒரு மாதம் சென்றபின், உபாத்தியாயரோ சங்கத்து நிர்வாகி ஒருவரோ பத்து வீடுகளுக்கு முன்னறிவிப்பின்றிச் செல்லட்டும். மாணாக்கனை அழைத்து, கீறிய பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, கரைசலைச் செய்து காட்டும்படி கேட்டு, அதை வந்தவரே சிறிது பருகிப் பார்க்கட்டும். கடைசியாகத் தம்பிக்கோ தங்கைக்கோ பேதி வந்தபோது என்ன கொடுத்தீர்கள் என்று தாயாரைக் கேட்கவேண்டும். இதுவே பத்தில் முக்கியமான கேள்வி. சரியாகச் செய்தும், சமயத்தில் கொடுத்தும் இருக்கும் வீடுகளை ஒரு பத்தியிலும், செய்யத் தெரிந்தும் கொடாத வீடுகளை மற்றொரு பத்தியிலும், இரண்டும் இல்லாத வீடுகளை மூன்றாவது பத்தியிலும் குறித்துக்கொள்ளவேண்டும். மூன்றாவது பத்தி நீண்டிருந்தால் சுரைக்குடுக்கை மறுபடியும் வகுப்புக்கு வரவேண்டும். நடுப்பத்தி நீண்டிருந்தால் குடுக்கையை எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போகவேண்டும்.